இடையமெரிக்காவின் கல் எறிமுனைகள்

மெக்சிக்கோ நகருக்கு வடகிழக்கே, முன்னாளில் தெஸ்கோக்கோ ஏரியின் நீர் பரந்து கிடந்த தாழ்நிலத்தில், சாந்தா இசபெல் இஸ்தப்பான் என்னும் சிற்றூர் உளது. 1952ஆம் ஆண்டு அவ்வூரின் ஏரிக்களிமண்ணிலிருந்து மம்மதம் ஒன்றின் எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. மம்மதம் என்பது பனியூழியின் முடிவோடு அந்நாட்டில் அற்றுப்போன பேருருவ யானையினம். எலும்புகள் கிடைத்தது பெரும் புதுமையன்று. அவ்வட்டாரத்தில் அத்தகையன முன்னரும் கிடைத்ததுண்டு. அவ்வெலும்புகளிடையே மனிதர் கையாற் செய்யப்பட்ட 6 கற்கருவிகளும் கிடந்தமையே புதுமை. அவற்றுள் ஒன்று விலா எலும்புகளின் நடுவே கிடந்த ஈட்டிமுனை. 1954ஆம் ஆண்டில் அதே ஊரில் இரண்டாவது மம்மதம் ஒன்றும், அதனோடு வேறு சில கல்முனைகளும் வெளிப்பட்டன.

முதல் மம்மதத்தை ஆராய்ந்தவர்கள் லூயிஸ் அவெலெய்ரா, மனுவேல் மல்டொனாடோ கோர்டெல் என்னும் இருவர். விலா எலும்பிடைக் கிடந்த முனையை எவ்வினத்திற் சேர்ப்பது என்ற வினா எழுந்தபோது, ஐக்கிய அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில் முதலிற் பெயர்பெற்ற ஸ்கொட்ஸ்பிளஃப் முனைகளை அது ஒத்திருப்பதாகக் கூறப்பட்டது. இரண்டாவது மம்மதத்தோடு கிடைத்தவற்றுள் ஒன்று தென் டக்கோட்டாவின் அங்கொஸ்தூரா வகையோடும், மற்றொன்று வடகீழ் மெக்சிக்கோவின் லெர்மா வகையோடும் சேர்க்கப்பட்டது. ஏரிக்கரை ஒன்று, விலங்கினம் ஒன்று. முனைகளின் பெயர்களோ மூன்று.

அதனினும் பெரிய இடர் ஒன்று இதில் மறைந்திருந்தது. வடக்கேயுள்ள சமவெளிகளில் ஸ்கொட்ஸ்பிளஃப் முனைகள் காட்டெருமை எலும்புகளோடு கிடைப்பன. அவை செய்யப்பட்ட காலத்தில் அங்கே மம்மதம் இல்லை. அது முன்னரே மறைந்துவிட்டது. அங்ஙனமாயின், மெக்சிக்கோவில் மட்டும் மம்மதம் நெடுங்காலம் பிந்தி வாழ்ந்ததா? அல்லது, இஸ்தப்பான் முனைக்கு இடப்பட்ட பெயர் அதற்குப் பொருந்தாத பெயரா? முதலாவதை ஏற்றால் ஒரு விலங்கினத்தின் வரலாற்றையே திருத்தி எழுதவேண்டும். இரண்டாவதை ஏற்றால் நூதனசாலைப் பெயர்ச்சீட்டில் ஒரு சொல்லைத் திருத்தினாற் போதும். ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஓர் ஊரின் பெயரை, உருவம் ஏறத்தாழ ஒத்தது என்ற ஒரே காரணம் பற்றி, ஏரிக்கரை வேடன் ஒருவனின் படைக்கலத்துக்குச் சூட்டியதில்தான் பிழை இருத்தல் கூடும் என்று கொள்வதே அறிவுக்குப் பொருந்தும். ஆயினும், பெயரிட்டோரை இகழ்வதற்கில்லை. அந்நாளில் அவர்கள் கையிலிருந்த ஒப்பீட்டுச் சான்றுகளிற் பெரும்பாலன வடநாட்டிலிருந்து வந்தவையே.

கல்முனை ஒன்றை இனங்காண்பதில் இத்தனை கருத்து வேறுபாடு எழுவதற்குக் காரணம் எளிது. கல்லுக்கு வயது கூறும் நம்பத்தக்க வழி பெரும்பாலும் கல்லினுள் இல்லை. மரக்கரியையும், எலும்பையும், சோளக் கதிரையும் காபன் 14 முறையால் அளந்து காலம் கணிக்கலாம். அவை ஒருகால் உயிரோடிருந்த பொருள்கள். மலையிலிருந்து பெயர்த்த கல்லோ, மனிதன் அதைத் தொடுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே தோன்றியது. ஆகவே, எறிமுனையின் காலத்தைப் பெரும்பாலும் அதனருகே கிடந்த பிறபொருள்களைக் கொண்டே அறிதல் வேண்டும். அவ்வாறு ஓரிடத்தில் அறிந்தபின், அதே உருவமுடைய முனை வேறோரிடத்தில் தனியே கிடைக்கும்போது, அதன் காலமும் இதுவாகலாம் என்று கருதுகின்றனர். இனம் வகுத்தலின் பயனும் இதுவே, அதன் ஆபத்தும் இதுவே.

இடையமெரிக்கா என்று இங்கே குறிக்கப்படுவது, நடு மெக்சிக்கோ தொடங்கிக் குவாத்தமாலா, பெலீஸ் ஆகிய நாடுகளை உள்ளடக்கி, ஹொண்டூராசு, எல் சல்வடோர் ஆகியவற்றின் மேற்குப் பகுதிவரை பரந்த பண்டைப் பண்பாட்டு நிலம். ஒல்மெக்கர், மாயர், அஸ்தெக்கர் முதலானோர் வாழ்ந்த இந்நிலத்தில் செம்பும் வெண்கலமும் மிகப் பிந்தியே வழக்கில் வந்தன. ஸ்பானியர் வந்திறங்கிய 16ஆம் நூற்றாண்டிலும் போர்வீரனின் படைக்கலத்தில் கூர்மை தந்தது கல்லே. ஆதலால், பனியூழி வேடன் தொட்டு அஸ்தெக்கப் படைவீரன் ஈறாக, பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத காலத்தின் எறிமுனைகள் அம்மண்ணிற் சிதறிக் கிடக்கின்றன.

அவை செய்யப்பட்ட கற்கள் பெரும்பாலும் இருவகை. ஒன்று சக்கிமுக்கிக் கல்லும் அதன் இனமும். மற்றையது ஒப்சிடியன் எனப்படும் எரிமலைக் கண்ணாடி. உருகிய எரிமலைக் குழம்பு விரைந்து குளிர்ந்து கண்ணாடியாக இறுகியது. இரண்டும் அடித்தால் ஒழுங்காகச் சிப்பி போற் பிளப்பன. கல்தச்சன் முதலில் உருண்டைக் கல்லொன்றைச் சுத்தியலாகக் கொண்டு பெருஞ்சில்லுகளை உடைப்பான். பின்னர் மான்கொம்பாற் தட்டி வடிவு திருத்துவான். இறுதியிற் கொம்பின் கூர்நுனியை விளிம்பில் வைத்து அழுத்தி அழுத்திச் சிறு செதில்களைக் கழற்றுவான். அச்செதில்கள் கழன்ற வடுக்கள் கல்லில் என்றும் அழியா. பழகிய கண்ணுக்கு அவ்வடுக்களின் ஒழுங்கும், ஆழமும், திசையும் செய்தவனது கைப்பழக்கத்தைக் காட்டிக் கொடுக்கும்.

எறிமுனையின் உறுப்புகளுக்கும் பெயருண்டு. நுனி, அதன் இருபுறத்து விளிம்புகள், விளிம்புகள் முடியுமிடத்திற் பருத்து நிற்கும் தோள், தோளிலிருந்து பின்னோக்கி வளைந்த முள், தோளின் கீழே ஒடுங்கும் காம்பு, காம்பின் அடி என்பன அவை. எல்லா முனைகளுக்கும் எல்லா உறுப்பும் இல்லை. லெர்மா முனைக்குத் தோளுமில்லை, காம்புமில்லை. இரு நுனியும் கூர்ந்து நடு அகன்ற மாவிலை போன்றது. அபசோலோ முனை நீர்த்துளி வடிவினது, அடி உருண்டது. கேரி முனைக்குக் காம்பு உண்டு. அது கீழ் நோக்கி ஒடுங்கிச் செல்லும். ஷும்லா முனையின் தோள்களோ தூண்டில் முட்கள் போல நீண்டு பின்னோக்கி வளர்ந்தவை.

இவற்றுள் எவ்வுறுப்பை நம்பி இனம் வகுப்பது என்பதே முதற் கேள்வி. காண்பவர் கண்ணைக் கவர்வது நுனியும் விளிம்பும். ஆனால், அவையே மிகவும் மாறுந் தன்மையன. ஒரு வீட்டில் இருபது ஆண்டு புழங்கிய கத்தியை நோக்குக. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருக்கும். பிடியினுட் புகுந்த பகுதி மட்டும் வாங்கிய நாளிலிருந்தபடியே இருக்கும். கல்முனைக்கும் அக்கதியே. எலும்பிற் பட்டு நுனி முறிந்தால் வேடன் அதை வீசிவிடுவதில்லை; ஈட்டித்தண்டிற் கட்டியபடியே மீண்டும் செதுக்கிக் கூராக்குவான். நீண்ட முனை குறுகும், அகன்றது ஒடுங்கும், முள் முறிந்து தோள் மட்டும் எஞ்சும். புதிதாகச் செய்த நாளில் ஒன்றாயிருந்த இரு முனைகள், கைவிடப்பட்ட நாளில் இரு வேறு இனங்களாகத் தோன்றும். 1986ஆம் ஆண்டில் ஃபிளெனிக்கன், ரேமண்ட் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரே வகை முனைகளைத் தாமே செய்து, ஈட்டியிற் பொருத்தி எறிந்து, முறிந்தவற்றை மீளத் தீட்டிப் பார்த்தனர். தீட்டிய பின்னர் அவற்றுட் பல வேறு இனப் பெயருக்கு உரியனவாய் மாறியிருந்தன. நூல்களில் தனித்தனிப் பெயருடன் வரிசைப்படுத்தப்பட்டவற்றுட் சில, ஒரே கருவியின் இளமையும் முதுமையுமாக இருத்தல் கூடும் என்ற ஐயம் அதனால் வலுப்பெற்றது. ஆகவே, கட்டுக்குள் மறைந்திருந்து மாறாது நிற்கும் காம்பையும் அடியையுமே இனங்காண்போர் முதலில் அளப்பர்.

பெயர்களின் வரலாறும் அறியத்தக்கது. ரெக்சாஸ் மாநிலத்தில் அலெக்ஸ் கிரீகர் என்பார் 1944ஆம் ஆண்டில், இனம் என்பது யாது என்பதற்கு ஒரு வரையறை வகுத்தார். பார்வைக்கு ஒத்திருப்பது மட்டும் போதாது. குறித்த ஒரு வடிவம், குறித்த ஒரு நிலப்பரப்பில், குறித்த ஒரு காலத்தில் மீண்டும் மீண்டும் வருதல் வேண்டும். அப்பொழுதே அதற்கு வரலாற்றுப் பொருள் உண்டு என்பது அவர் கொள்கை. 1954இல் அவரும் டீ ஆன் சூம், எட்வர்ட் ஜெல்க்ஸ் என்போரும் ரெக்சாஸ் தொல்பொருளியலுக்கு ஒரு கைந்நூல் வெளியிட்டனர். அந்நூலின் பெயர்கள் எல்லை கடந்து மெக்சிக்கோவிலும் வழங்கலாயின. பெயர் கடந்தது, கிரீகரின் நிபந்தனை எப்போதும் அதனோடு கூடவே கடந்தது என்று சொல்வதற்கில்லை.

நிபந்தனைக்கு இணங்க உழைத்தவர்களும் உளர். றிச்சர்ட் மக்நீஷ் என்னும் தொல்பொருளியலாளர் முதலில் வடகீழ் மெக்சிக்கோவின் தமவுலிப்பாஸ் மாநிலக் குகைகளை அகழ்ந்தார். பின்னர் சோளப்பயிரின் பிறப்பிடத்தைத் தேடி, 1961 முதல் 1964 வரை புவெப்லா மாநிலத்தின் தெவாக்கான் பள்ளத்தாக்கில் ஒரு பெருங்குழுவோடு பணி செய்தார். மழை குறைந்த அப்பள்ளத்தாக்கின் குகைகளில் எதுவும் எளிதில் மட்குவதில்லை. கொக்ஸ்கத்லான் குகையில் மட்டும் 28 மண்ணடுக்குகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடந்தன. அடியிற் கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்ற நெறிப்படி, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்த முனைகளை அவர்கள் அளந்து, எண்ணி, பெயரிட்டு, 1967இல் ஒரு தனி நூலாக வெளியிட்டனர். அந்நூலை மக்நீஷுடன் ஆன்துவானெத் நெல்கன் தேர்னரும் இர்ம்கார்ட் ஜோன்சனும் எழுதினர். அடுக்குத் தோறும் சில வடிவங்கள் மிகுவதும், பின்னர் குறைவதும், புதியன தலைகாட்டுவதும் அதில் தெளிவாயின. ஓர் இனம் தோன்றிய நாளிலேயே முன்னைய இனம் மறைவதில்லை. இரண்டும் நெடுங்காலம் கலந்தே வழங்கின. ஆகவே, தனியொரு முனையைக் காட்டிக் காலம் கேட்பாருக்கு அந்நூல் துணிந்து விடை கூறாது. இருபது முனைகளைக் காட்டுவாருக்கு ஓரளவு கூறும்.

லெர்மா முனை இதற்கு நல்ல எச்சரிக்கை. தமவுலிப்பாசிலும் தெவாக்கானிலும் அது மிகப் பழைய அடுக்குகளுக்கு உரியது என்று கொள்ளப்பட்டது. ஆயினும், இரு நுனியும் கூர்ந்த இலைவடிவம் செய்வதற்கு எளிய வடிவம். பல்லாயிரம் ஆண்டு பிந்திய மாயர் நகரங்களின் இடிபாடுகளிலும் ஏறத்தாழ அதே உருவில் முனைகள் கிடைக்கின்றன. உழவன் ஒருவன் வயலில் இலைவடிவ முனையொன்றைக் கண்டெடுத்தால், அது மம்மத வேடனதா, மாய அரசனின் காவலனதா என்பதை உருவம் மட்டும் சொல்லமாட்டாது.

இம்முனைகள் எவ்வாறு எறியப்பட்டன என்பதும் இனங்காண்பதற்கு இன்றியமையாதது. பொதுமக்கள் இவற்றையெல்லாம் அம்புமுனை என்று சொல்லிவிடுவர். இடையமெரிக்காவில் வில்லும் அம்பும் பிந்திய வரவு. அதற்கு முன் நெடுங்காலம் ஆட்சி செய்தது எறிகோல். நாகுவாத்தில் மொழியில் அதற்கு அத்லத்தில் என்று பெயர். முழநீளத்தை ஒட்டிய கோல் அது. நுனியிற் சிறு கொக்கி உண்டு. ஈட்டியின் பின்முனையைக் கொக்கியிற் பதித்து வீசினால், எறிபவனின் கை ஒரு முழம் நீண்டது போலாகி, வெறுங்கையால் எறிவதினும் மிகுந்த விசையுடன் ஈட்டி பாயும். அவ்வீட்டிக்குப் பொருந்திய முனை பெரிது, அம்புக்குப் பொருந்தியது சிறிது. எவ்வளவு பெரிது, எவ்வளவு சிறிது என்பதை அளக்க டேவிட் ஹேர்ஸ்ற் தோமஸ் 1978இல் ஒரு வழி கண்டார். தண்டோடு கூடியபடியே நூதனசாலைகளிற் பேணப்பட்ட 132 அம்புகளையும் 10 எறிகோல் ஈட்டிகளையும் தேடி அளந்தார். மைக்கேல் ஷொட் 1997இல் மேலும் பல ஈட்டிகளைச் சேர்த்து ஆராய்ந்து, நீளத்தினும் எடையினும் தோளின் அகலமே சிறந்த அடையாளம் என்று காட்டினார். தோள் 20 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றால் ஈட்டி, குறைந்தால் அம்பு என்பது ஒரு பருமட்டான விதி. விதிக்கு விலக்கும் பல.

நடு மெக்சிக்கோவில் கி. பி. 900க்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளில், ஒப்சிடியன் தகட்டுத் துண்டிற் செய்து பக்கங்களில் வெட்டிட்ட சின்னஞ்சிறு முனைகள் பெருகுகின்றன. வில்லின் வரவை அவை அறிவிக்கின்றன. மாயர் நாட்டில் அதற்கு முன்னரே வில் வழங்கியது என்று கசுவோ அவோயாமா, கொப்பான், அகுவத்தேக்கா என்னும் நகரங்களிற் கிடைத்த முனைகளைக் கொண்டு 2005இல் எழுதினார்.

ஒப்சிடியனுக்கு வேறொரு சிறப்புண்டு. ஒவ்வோர் எரிமலையின் கண்ணாடியிலும் நுண்ணளவிற் கலந்துள்ள மூலகங்களின் விகிதம் வேறு. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அவ்விகிதத்தை அறிந்தால், கல் எம்மலையிலிருந்து வந்தது என்பது புலப்படும். மெக்சிக்கோவின் பச்சூக்கா மலையின் கல்லோ வெறுங்கண்ணுக்கே தெரியும். அது பொன்பச்சை நிறத்தது. தியோத்திவாக்கான் மாநகரின் இறகுப் பாம்புக் கோயிலின் அடியில், கி. பி. 200 அளவிற் பலியிடப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றோடு ஒப்சிடியன் எறிமுனைகள் ஏராளமாகக் கிடந்தன. பச்சை ஒப்சிடியன் குவாத்தமாலாக் காட்டிலுள்ள திக்கால் நகரத்திற் காணப்படும்போது, அது நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தது என்பதில் ஐயமில்லை. கல் வந்த வழி இவ்வாறு தெரியும்; முனையை அங்கே கொண்டு சென்றவர் வணிகரா, தூதரா, படைவீரரா என்பது அதனால் தெரியாது. கல் பிறந்த இடத்தைச் சோதனைச்சாலை சொல்லும். முனை செய்யப்பட்ட காலத்தை அந்த எக்ஸ் கதிர்ச் சோதனை சொல்லாது.

இவ்வளவும் ஒன்றுகூடிய வழக்கு பெலீஸ் நாட்டின் லோ முனையினது. இம்முனை அகன்ற அலகும், பின்னோக்கிய முட்களும், பருத்த காம்பும் உடையது. அதன் ஒரு விளிம்பு ஒரு முகத்திலும், மறு விளிம்பு மறு முகத்திலும் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். தண்டிற் கட்டியபடியே திரும்பத் திரும்பத் தீட்டியதன் அடையாளம் அது. எறிவதற்கு மட்டுமன்றி அறுப்பதற்கும் அது பயன்பட்டிருத்தல் வேண்டும். சோமில் முனை என்னும் சிறியதொரு வகையும் இதற்கு உறவாகக் கூறப்படுவது. இவ்விரு வகையிலும் அறியப்பட்டவற்றுட் பெரும்பாலன அகழ்விற் கிடைத்தவையல்ல. நிலத்தின் மேற்பரப்பிற் பொறுக்கியவை.

மக்நீஷ் 1980ஆம் ஆண்டு தொட்டுச் சில ஆண்டுகள் பெலீசில் ஆய்வு நடத்தியபோது, தெவாக்கான் முதலிய இடங்களின் முனைகளோடு உருவம் ஒப்பிட்டு, லோ முனையைப் பனியூழி முடிந்த காலத்தை ஒட்டிய மிகப் பழைய படியில் வைத்தார். மண்ணடுக்குச் சான்று போதாமையைப் பிறர் எடுத்துக் காட்டினர். 1993இல் தோமஸ் கெலி அதுவரை அறியப்பட்ட முனைகளையும், கிடைத்த ஒருசில காபன் கணிப்புகளையும் ஆராய்ந்து, லோ, சோமில் இரண்டும் கி. மு. 2500க்கும் 1900க்கும் இடைப்பட்டவை என்றார். ஆராய்ச்சியுலகம் அதை ஏற்றது. கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெலீசின் நூல்களிலும் நூதனசாலைகளிலும் அக்காலமே குறிக்கப்பட்டது. அக்காலத்துக்கு அண்மையில், சோளம் அந்நிலத்தின் முதன்மை உணவாகிக் கொண்டிருந்தது. ஆகவே, லோ முனையைச் செய்தவர் காடு திருத்தத் தொடங்கிய முதல் உழவர் அல்லது அவர்தம் அயலவர் என்று எண்ணுவது இயல்பாயிற்று.

பின்னர் கீத் புரூபரும் அவர் குழுவினரும் தென் பெலீசின் மலைக்காட்டிலுள்ள பாறை ஒதுக்கிடங்களை அகழ்ந்தனர். மேலே பாறை கவிந்து, மழை படாது காத்த மண்; அடுக்குக் குலையாத மண். அங்கே லோ முனைகள் தத்தம் இடத்திலேயே கிடந்தன. மேலும் கீழும் கிடந்த பொருள்களைக் காபன் முறையாற் கணித்தனர். 2019ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களது முடிவின்படி, லோ முனை பத்தாயிரம் ஆண்டளவு பழமையுடையது. ஒரே கல், ஒரே உருவம். அதன் காலம் மட்டும் ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பின்னோக்கிச் சென்றுவிட்டது.

மக்நீஷின் பழைய கருத்தே வென்றது என்று சிலர் மகிழலாம். அவர் கூறிய முடிவு உண்மைக்கு அணித்தாயிற்று என்பது மெய். ஆனால், அவர் சென்ற வழி அம்முடிவுக்கு அவரை அழைத்துச் செல்லும் வழியன்று. அவ்வழியே சென்று அவர் வகுத்த பெலீஸ் காலவரிசையின் பிற படிகள் நிலைக்கவில்லை. கெலியோ கிடைத்த சான்றை ஒழுங்காக நிறுத்துப் பார்த்தவர். சான்று போதாமையாலேயே வழுவினார்.

ஐயாயிரம் ஆண்டு முன்னும் பின்னும் ஆவதால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கப்படலாம். அதற்கு அப்பாறை ஒதுக்கிடங்களிற் புதைக்கப்பட்டிருந்த மனிதரே விடை. 2022ஆம் ஆண்டில் அவ்வெலும்புகளின் மரபணு ஆராய்ச்சி வெளியாயிற்று. 9,600 ஆண்டுகளுக்கும் 7,300 ஆண்டுகளுக்கும் முன் அங்கே வாழ்ந்து மடிந்தவர் ஒரு மரபினர். 5,600 ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவரிடத்திலோ, தெற்கே தென்னமெரிக்காவை நோக்கிய நிலங்களிலிருந்து வந்த மக்களின் மரபு பாதிக்கு மேற் கலந்திருந்தது. அவ்வரவை அடுத்தே அங்கு சோள வேளாண்மை பெருகிற்று. லோ முனை கெலி கூறிய காலத்ததாயின், அது பின் வந்தோரின் கைவினை. புரூபர் கூறும் காலத்ததாயின், அது அவர்கள் வருமுன்னரே அக்காட்டில் வாழ்ந்தோரின் கைவினை. பெயரும் மொழியும் தெரியாத அம்முதுமக்கள் விட்டுச்சென்ற பொருள்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றைக் கால் நூற்றாண்டாகப் பிறருக்கு உரியதென்று உலகம் எழுதி வைத்திருந்தது.

பிழையைத் திருத்தியது குலையாத மண். அது எங்கும் கிடைப்பதில்லை. கண்டெடுத்தவர் முனையைச் சட்டைப்பையில் இட்டு வீடு சேர்ந்த கணத்தில், அது எவ்வடுக்கில், எவற்றோடு, எவ்வாழத்திற் கிடந்தது என்ற செய்தி அழிந்துபோகிறது. மெக்சிக்கோ 1972ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் பண்டைப் பொருள்களை நாட்டின் உடைமையாக்கியது. அதன் பின்னரும் முனைகள் கைமாறுவது ஓயவில்லை. ஒப்சிடியன் என்றும் புதிது போல் மின்னுவதாகையால், இன்று செய்து பழையதென்று விற்பாருக்கும் அது வாய்ப்பாகிறது. பொருள் இடம்பெயர்வது இன்றைய தீமை மட்டுமன்று என்பதும் நினைக்கத்தக்கது. அஸ்தெக்கரின் பெருங்கோயிலை மெக்சிக்கோ நகரின் நடுவே அகழ்ந்தபோது, அவர்களுக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டு முற்பட்ட ஒல்மெக்கர் முகமூடியொன்று காணிக்கைப் பொருள்களிடையே கிடந்தது. பண்டையோரும் தம்மினும் பண்டையோரின் பொருள்களைத் தேடி எடுத்துப் போற்றினர். ஆகவே, அடுக்கில் ஒரு முனை கிடந்தது என்பதனாலேயே அது அவ்வடுக்கின் காலத்தில் செய்யப்பட்டது என்று உறுதி கூறவும் இயலாது.

தெவாக்கானின் அடுக்குகளும் இவ்வகைச் சோதனைக்குத் தப்பவில்லை. அங்கு கிடைத்த பழஞ்சோளக் கதிர்கள் ஏறத்தாழ 7,000 ஆண்டு முற்பட்டவை என்று முதலிற் கருதப்பட்டன. அக்காலம் கதிர்களைக் கணித்துப் பெற்றதன்று; அருகே கிடந்த கரியைக் கணித்துப் பெற்றது. 1989இல் கதிர்களையே சிறு துணுக்குகளாக எடுத்து நேரே கணித்தபோது, அவை ஆயிர ஆண்டுகளுக்கு மேல் இளையனவாயின. எலி வளையாலோ, மனிதர் தோண்டிய குழியாலோ, மேலிருந்த சில கதிர்கள் கீழே இறங்கியிருக்கக் கூடும். கதிர் இறங்கிய வழியே கல்லும் இறங்கியிருக்கக் கூடுமல்லவா? கதிரை நேரே கணித்து ஐயம் தீர்க்கலாம்; கல்லுக்கு அவ்வழியில்லை.

2021ஆம் ஆண்டில் அன்ட்ரூ சமர்வில்லும் அவர் குழுவினரும், 1960களில் கொக்ஸ்கத்லான் குகையிலிருந்து எடுத்துப் பேணப்பட்டிருந்த விலங்கெலும்புகளைப் புதிதாகக் கணித்தனர். மேலடுக்குகளின் காலம் பெரும்பாலும் எதிர்பார்த்தவாறே வந்தது. மிக அடியிலுள்ள அடுக்குகளின் முயலெலும்பு முதலியனவோ 28,000 ஆண்டுக்கும் 33,000 ஆண்டுக்கும் இடைப்பட்டனவாக வந்தன. அமெரிக்காவில் மனிதர் காலடி வைத்த காலம் பற்றிய பொதுக் கருத்தை இது பெரிதும் மீறுவது. அவ்வெலும்புகள் மனிதர் தின்று எறிந்தவையா, மனிதரின்றியே குகையிற் சேர்ந்தவையா என்பது ஆராய்தற்குரியது. அதனை அறிவதற்கு, அதே அடுக்கிலிருந்து எடுத்துக் கருவிகள் என்று பெயரிடப்பட்ட கற்களை மீண்டும் கையிலெடுத்து, அவற்றிலுள்ள வடுக்கள் மனிதர் கையாலானவை தாமா என்று ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.